அழுகைக்கு ஒதுக்காத நேரம்

அந்த ஊரில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வரலாம். அப்போதும் பால் பொங்கியிருக்காது. கை தவறி டம்ளர் விழுந்தால், கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவர்கூட எழுந்து வந்து பிடித்துவிடுவார். விளக்கின் சுடர் தண்ணீருக்குள் கிடக்கும் துணியைப் போல மெல்லச் சாயும், மெல்ல நிமிரும். ஏழு நாள் வெளிச்சம், பிறகு ஏழு நாள் இருட்டு. ஆலை கொடுக்கும் நாள்காட்டியில் வெளிச்ச வாரம் மஞ்சளாகவும் இருட்டு வாரம் நீலமாகவும் அச்சாகியிருக்கும். மாமரம் காய்ப்பதை ஒருவர் தன் ஆயுளில் நாலு தடவை பார்த்தால் பெரிய விஷயம்.

இது எந்த உலகத்தில் என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. நொய்யல் ஓடுகிற இந்த உலகத்தில்தான். அங்கே பிறந்தவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. பிறந்த இடம் எப்படியோ அப்படித்தான் உலகம் என்று நாமும்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் என்றால் ஒரு பனியன் ஆலையும், அதைச் சுற்றிக் குடியிருப்பும், எல்லாவற்றையும் சுற்றி ஒரு மதிலும். வேலைக்குப் போகிறவர்கள் சங்கு ஊதியதும் ஆலை வாசலில் வரிசையில் நின்று நாக்கை நீட்ட வேண்டும். காவலாளி ஒரு சின்ன வெள்ளை வில்லையை வைப்பார். அது கரைகிறவரை வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சத்து வில்லை என்று பெயர். பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே பாலில் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஆலைக்கு ஒரு பெருமை உண்டு. எந்த வேலையையும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்துவிடும். ஒரு தடவைகூடத் தாமதம் ஆனதில்லை. அலுவலகச் சுவரில் முதலாளியின் படம் தொங்கும். பூட்டன் காலத்துப் படத்திலும் அதே முகம், அதே கறுப்பு முடி. அவருக்கு வயதே ஆகாது என்பார்கள்.

அந்த ஆலையில் வெட்டும் மேசையில் நின்றவன் நவநீதன். அப்பா அம்மா இல்லை. அக்கா சொர்ணம் தையல் மெஷினில் உட்கார்ந்து அவனை வளர்த்தாள். ஒரு நாள் மெஷினிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இதயம் இனித் தாங்காது என்று வைத்தியர் அவளுக்கு வில்லையை நிறுத்தினார். நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மெதுநோய் வந்துவிட்டது. ஆலையில் அதற்கு அப்படித்தான் பெயர். அந்த நோய் வந்தவர்கள் கையைத் தூக்கினால், அது தோளுக்கு வருவதற்குள் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். பேசினால் தூரத்தில் மாடு கத்துவதுபோல ஒரே நீளமாக வரும். அவர்களை மதிலோரத்தில் மாமரத்தடியில் இருக்கும் நிதான இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அங்கே மேட்ரன் பிலோமினா இருந்தாள். அவளுக்கு மட்டும் பாதி வில்லை. அதனால் அவள் வேகம் நோயாளிகளோடும் ஒட்டும், வருகிறவர்களோடும் ஒட்டும். அவளிடம் ஒரு பேச்சுப்பெட்டி இருந்தது. நோயாளி பேசுவதை வாங்கிக்கொண்டு வேகமாக்கிச் சொல்லும். நாம் பேசுவதை இழுத்து அவர்களுக்குச் சொல்லும்.

நவநீதனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் இளவேனில். அவள் பிறந்தபோது வேம்பு பூத்திருந்ததாம். அதனால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வேம்பு பூத்துப் பார்த்திருக்கிறாள். ஆலையில் அவளுக்கு நேரம் பார்க்கிற வேலை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, துணியை எடுக்க எவ்வளவு, மடிக்க எவ்வளவு, நூல் அறுக்க எவ்வளவு என்று ஒவ்வொரு கையசைவையும் பிரித்துக் கணக்குச் சொல்ல வேண்டும். அவள் கணக்குத் தப்பியதில்லை.

கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய வேண்டும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள், மணப்பெண்ணின் கூறைச்சேலையைக் கூடையில் வைத்து இடுப்பில் தாங்கி நிற்பாள். சேலையின் ஒரு முனையை அவள் தர, தம்பி வாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் விடுகிறவரை அவன் விடக்கூடாது. முன்னால் விட்டால் கூடப்பிறந்தவள் எனக்கு இல்லை என்று சபையில் சொன்னதாக ஆகும். சீர் முடிந்தால்தான் தாலி.

"சித்தப்பன் மவளை நிறுத்திக்கலாமேப்பா," என்றார் சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர்.

"என்ற அக்கா உசுரோட இருக்கறப்ப எதுக்குங்க இன்னொருத்தர்?" என்றான் நவநீதன்.

அதனால் அவனும் இளவேனிலும் நிதான இல்லத்துக்குப் போனார்கள். சொர்ணம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு கிளம்பியது. அது உதட்டில் வந்து சேர்வதற்குள் பிலோமினா இரண்டு பேருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டாள்.

பெட்டி பேசியது. "வந்தியா சாமி? இந்தப் புள்ளதானா? லட்சணமா இருக்குதே."

"அண்ணி, இந்தக் கூடையைக் கொஞ்சம் தூக்கி இடுப்புல வெச்சுக் காட்டுங்க," என்றாள் இளவேனில், கடிகாரத்தை அழுத்திக்கொண்டே.

"பாரு நவநீதா, வந்ததும் வேலை வாங்கறா. இவ உன்னையப் பார்த்துக்குவா, கவலையில்ல." சிரிப்பும் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பிறகு குரல் தணிந்தது. "ஒண்ணு சொல்றேன், கிறுக்குன்னு நினைக்காதே தம்பி. எனக்கு நோயெல்லாம் இல்ல. நான் மெதுவா ஆகலை. நேத்து பாலை அடுப்புல வெச்சுட்டு ஒரு பாட்டுத்தான் பாடினேன், பொங்கி வழிஞ்சுருச்சு."

நவநீதன் சிரித்தான். "ஒரு பாட்டுக்குள்ளயா? அக்கா, நீ ராமாயணத்தைப் பாடியிருப்பே."

"வெளிச்சமும் இருட்டும் சேர்ந்தாத்தான் ஒரு நாளு சாமி. ஒரே ஒரு நாளு. அந்த வில்லைதான் உங்களை ஓட வெக்குது. நீங்க சுத்தறதைப் பார்த்தா எனக்கு ஈ பறக்கற மாதிரி தெரியுது. இப்ப எதுத்தாப்புல நீ அசையாம உட்கார்ந்திருக்கறதாலதான் உன்ற முகமே தெரியுது."

இளவேனில் நவநீதனின் முழங்கையை இடித்து, பாவம் என்பதுபோலப் பார்த்தாள். பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அவங்க சொல்றது பொய்யில்ல தம்பி. ஆனா அதை நம்பி என்ன பண்ணப் போறீங்க? அவங்களுக்கு வில்லை ஒரு துளி உள்ளே போனாலும் இதயம் நின்னுரும். உங்களுக்கு வில்லை நின்னா ஆலைக் கேட்டு திறக்காது. சங்கு தப்பினவங்களை மறுபடி உள்ளே சேர்க்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அப்ப சீரை வேகமா முடிச்சுட்டு ஓடிருங்க."

மறுநாள் இளவேனில் கணக்கோடு வந்தாள். "அண்ணி ரூமுல இருந்து நடந்து வர்றது, கூடையைத் தூக்கறது, முனையைக் குடுக்கறது, நிக்கறது, விடறது. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டேன் மாமா. ஒரு சங்குக்கு வில்லை வாங்கிட்டு நேரா வந்தோம்னா, அடுத்த சங்குக்கு முன்னாடி தாலியே கட்டிரலாம். கொஞ்சம் மிச்சம்கூட இருக்குது."

"மிச்சம் எதுக்கு?"

"சேலை எங்காவது மாட்டிக்கிட்டா எடுக்கறதுக்கு."

கல்யாணம் நிதான இல்லத்தின் கூடத்தில், வெளிச்ச வாரத்தின் கடைசி நாள். விளக்கு ஏற்றினார்கள். தாலி கட்டி அடுத்த வில்லையும் வாங்கி வந்த பிறகு மணமக்களுக்குப் பால் கொடுக்க, அது பொங்கி ஆறும் நேரத்தையும் கணக்கிட்டு இளவேனில் அடுப்பில் பால் வைக்கச் சொல்லியிருந்தாள். சொர்ணம் அறையிலிருந்து புறப்பட்டாள். வந்தவர்கள் பேசினார்கள், சாப்பிட்டார்கள், சிலர் சுவரில் சாய்ந்து தூங்கி எழுந்தார்கள். சொர்ணம் நடந்து வந்துகொண்டிருந்தாள். கணக்கு அப்படியே பொருந்தியது. கூடை இடுப்புக்குப் போனது. சேலை முனை நீண்டது. நவநீதன் வாங்கிக்கொண்டான்.

அங்கேதான் அவள் நின்றுவிட்டாள்.

மணக்கோலத்தில் இருந்த தம்பியைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டு கட்டியது. கண்ணாடி மணிபோலப் பெருத்து இமையில் தொங்கியது. உருள மாட்டேன் என்றது.

"அண்ணிக்கு என்னாச்சு? எதுக்கு நிக்கறாங்க?" இளவேனில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அழறாங்கம்மா," என்றாள் பிலோமினா.

"அழறாங்களா? இது எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆலையில் எத்தனையோ அசைவுகளைப் பிரித்துப் பார்த்த இளவேனில், அழுகையைப் பிரித்துப் பார்த்ததில்லை.

சொட்டு உருண்டது. அடுத்தது கட்டியது. சொர்ணத்தின் இன்னொரு கை கூடையை விட்டுக் கிளம்பி, தம்பியின் கன்னத்தை நோக்கி வரத் தொடங்கியது. ஆலைப் பக்கம் வில்லை வரிசைக்கு முதல் சங்கு ஊதியது. கூட்டம் பரபரவென்று எழுந்தது. அருமைக்காரரே தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். "தம்பி, எனக்குச் சங்கு," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"மாமா, விட்டுட்டு வாங்க!"

"அக்கா இன்னும் விடலையே அம்மணி."

"அவங்களுக்குத் தெரியவா போகுது? வில்லை வாங்கிட்டு ஓடி வந்து மறுபடி பிடிச்சுக்கலாம். அவங்க கையி அப்பவும் பாதி தூரந்தான் வந்திருக்கும்!"

அவள் சொன்னது சரிதான். ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அக்காவின் கண் அவன்மேலேயே இருந்தது. அந்தக் கண்ணெதிரில் சேலை முனையை விடுவது அவனால் ஆகவில்லை.

"நீ ஓடு. நான் பின்னாலயே வந்துர்றேன்."

"சத்தியமா?"

"ஓடு வேனிலு!"

கேட்டை அடைக்கப்போவதாக இரண்டாம் சங்கு ஊதியது. அவள் ஓடினாள். அது ஊதி ஓய்ந்தபோது சொர்ணத்தின் விரல் அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

வில்லையின் பிடி எப்போது விட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் சுடர் மாறியது. சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, நடுங்கியது, பிறகு துள்ளி ஆட ஆரம்பித்தது. அடுப்பில் பால் நுரைத்து ஏறி ஒரே மூச்சில் வழிந்தது. ஆலையின் இரைச்சல் ஒல்லியாகி, கொசுவின் ரீங்காரமாகிக் காதோரம் நின்றது. அக்காவின் விரல் அவன் கன்னத்தில் பட்டது. பட்டதும் உடனே தடவியது.

"ஏன் சாமி இப்பிடி இளைச்சுப் போயிட்டே?"

பெட்டி இல்லாமல், அவள் குரல். சின்ன வயதில் அவனுக்குச் சோறு போட்டுக் கூப்பிட்ட அதே குரல். சொர்ணம் சிரித்துக்கொண்டே முனையை விட்டாள். பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. தம்பி தன்னைப் பார்த்த விதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அடப்பாவி. நீ ஏன்டா நின்னே?"

கூடத்தில் யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே சூரியன் மாமரத்துக்குக் கீழே இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தான். அதுவரை சூரியன் நகர்ந்து அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரே ஒரு இரவு கழிந்தது. அதற்குள் இளவேனிலுக்கு இருட்டு வாரம் முழுவதும் போய்விட்டது. ஒவ்வொரு வேலை முடிந்தும் அவள் வந்தாள். அவனுக்கு அது ஒரு காற்று வீசுவதுபோல. பிறகு எதிரே நாற்காலியில் அவள் உருவம் தெரியும். அவன் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்போல அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்தாளோ, அவனுக்கு அது நாலு மூச்சு. ஒரு தடவை அழுத முகம். அடுத்த தடவை கோபம். அதற்கடுத்த தடவை, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து, தூங்கிவிட்டிருந்தாள்.

அவன் பெட்டியில் சொன்னான்: "வேனிலு, அக்கா சொன்னது நெசம். வில்லையை வாங்காதே. இங்க வந்துரு."

பெட்டி அவள் பதிலை இழுத்துச் சொன்னது: "வந்துர்றேன் மாமா. கையில ஒரு ஆர்டர் இருக்குது, அது முடியட்டும்."

மறுபடி கேட்டான். "முடிஞ்சுது மாமா. இன்னொண்ணு அவசரமா வந்துருக்குது. இது மட்டும்."

"நெசந்தான்னு நம்பறியா இல்லையா?"

"நம்பறேன். அதனாலதான் பயமா இருக்குது. நான் வர்றேன், ஆனா நடுவுல விட்டுட்டு வர முடியாது மாமா. எனக்குப் பின்னால இருக்கறவங்க மாட்டிக்குவாங்க."

விடிந்தது. கூறைச்சேலை அவன் மடியிலேயே இருந்தது. சொர்ணம் குழாயில் குடத்தை நிறைத்து வந்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவன் ஒன்றைக் குடித்தான். அவள் தன்னுடையதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலருகே நின்றாள்.

அப்போது மாமரத்தடியில் ஒருவர் செருப்பில்லாமல் புல்மேல் நடந்து வந்தார். கறுப்பு முடி. புதுப் பனியன். சுவரில் தொங்கிய அதே முகம். அவனுடைய வேகத்திலேயே நடந்தார், அக்காவின் வேகத்திலேயே சிரித்தார்.

"நீங்கதான் நேத்து வெளிய நின்னுட்ட தம்பியா? உட்காருங்க, உட்காருங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. இப்பத்தான் நீங்க வாழவே ஆரம்பிச்சிருக்கீங்க." பனியனை இழுத்துக் காட்டினார். "நல்லா இருக்குதுங்களா? நேத்து சாயங்காலம் நினைச்சேன், காலைல கைக்கு வந்துருச்சு. எனக்கு அவசரமே ஆகாதுங்க. போன் கிடையாது. காப்பியை நானே கலக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடிப்பேன். எல்லாரும் இப்பிடி நிதானமா வாழணும்னுதான் என்ற ஆசை."

"உள்ளே இருக்கறவங்க?" என்றான் நவநீதன்.

"அவங்களுக்கென்ன தம்பி, அறுபது வயசு நிறைஞ்சுதான் போறாங்க. அவங்க கணக்குல குறையே இல்ல."

"உங்க கணக்குல?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. "நாலு மழைக்காலம்னு வெச்சுக்குங்க. யாராச்சும் ஓடினாத்தானுங்க யாராச்சும் உட்கார முடியும்? நான் சொல்லலைன்னாலும் அப்பிடித்தான்." பேச்சுப்பெட்டியோடு அருகே நின்ற பிலோமினாவிடம் திரும்பினார். "அப்பறம் மேட்ரன், இந்தத் தம்பி மாதிரி சங்கு தப்பறவங்க இருக்கக்கூடாது பாருங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்குது. நாளைல இருந்து வில்லையைத் தண்ணியிலயே கலந்துரலாம்னு நேத்தே சொல்லிட்டேன். வரிசையில நிக்கற தொந்தரவும் இல்ல."

பிலோமினாவின் கை பேச்சுப்பெட்டியின்மேல் அப்படியே நின்றது. "ஐயா, இந்த வீட்டுக்கும் அதே தொட்டித் தண்ணிதானுங்களே?"

"அப்பிடியா?" அவர் நிஜமாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது. "தனிக் குழாய் போட்டுரலாம். நாளைக்குத்தானே. இன்னும் ஒரு பகல் முழுசா இருக்குது."

அவர் நடந்து போனார். புல்மேல் ஒவ்வொரு அடியாக, ரசித்து ரசித்து.

அவருக்கு ஒரு பகல். ஆலைக்கு ஏழு நாள். நேற்றுச் சொன்ன வேலை. சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிப்பதுதான் அந்த ஆலையின் பெருமை என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே.

இளவேனில் அடுத்து வந்ததும் கேட்கட்டும் என்று நவநீதன் பெட்டியைப் பிடுங்கினான். "வேனிலு, ஆர்டரை விடு. இப்பவே வா. தண்ணி குடிக்காதே, இப்பவே..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தினான். கூடத்து விளக்கைப் பார்த்தான். இரவெல்லாம் துள்ளிக்கொண்டிருந்த சுடர் களைத்ததுபோல இருந்தது. மெல்லச் சாய்ந்தது. தண்ணீருக்குள் கிடக்கும் துணியைப் போல மெல்ல நிமிர்ந்தது. வெளியே முதலாளி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டிருந்தார்.

காதோரத்து ரீங்காரம் தடித்தது. இறங்கி இறங்கி, ஆலை இரைச்சலாகியது. அதற்குள்ளிருந்து செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, ஒரு குரல்.

"மாமா! ஆர்டரை விட்டுட்டேன் மாமா! வந்துட்டேன்!"

அவன் திரும்பவில்லை. சன்னலருகே சொர்ணத்தின் விரல்கள் திறந்தன. டம்ளர் நழுவியது. நழுவி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் மணிமணியாகப் பிரிந்து அதன் கூடவே இறங்கியது. அவனுக்கு நிறைய நேரம் இருந்தது. எழுந்து, நடந்து, டம்ளரைப் பிடித்தான். பிறகு அக்காவைப் பிடித்தான்.

அவள் நெஞ்சில் அவன் உள்ளங்கை பட்டது. உள்ளே தையல் மெஷின் ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள் சொர்ணம். சட்டென்று, பெட்டி இல்லாமல், ஊரில் எல்லாரும் பேசுகிற வேகத்தில்.

வாசலில் நின்ற இளவேனில் அதைக் கேட்டு மலர்ந்துபோனாள். கையிலிருந்த கடிகாரத்தை நாற்காலியில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, அண்ணிக்கு நோய் சரியாயிருச்சா மாமா?"